கசந்தால் நல்லது

சர்க்கரை நோயாளிகளுக்கென்று தனியாக ஒரு தர்க்கம் உண்டு. வீட்டுக்குள் இருக்கும் பழம் பழம். வேலியில் காய்த்துத் தொங்கும் பழம் மருந்து. கடையில் வாங்கிய வாழைப்பழத்தில் பாதியைத் தின்றவன் அன்றைக்கு முழுக்கக் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டும். அதே ஆள் ஏரிக்கரையில் கைநிறைய இலந்தைப்பழத்தைத் தின்றுவிட்டு வந்து "நார்ச்சத்து" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீட்டில் மேற்கொண்டு விசாரணை இருக்காது. இந்தத் தர்க்கத்தைக் கண்டுபிடித்தவன் நான் இல்லை. அதற்கு உரை எழுதியவன் நான்தான்.

பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி நடைபாதை போட்ட பிறகு, எங்கள் பகுதியில் யார் யாருக்குச் சர்க்கரை என்பது வெட்டவெளிச்சமாகிவிட்டது. யாரோ துரத்துவதுபோலக் காலையில் விறுவிறுவென்று போகிறவர்கள் எங்கள் ஆட்கள். நான் துரத்தப்பட்டது ஒருவரோடு சேர்ந்து. அவரை நான் பாய் என்று கூப்பிடுவேன். பூந்தமல்லியில் திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறார். பிறந்தது வளர்ந்தது எல்லாம் அங்கே. கல்யாணத்துக்குப் பிறகு பருத்திப்பட்டுக்குக் குடிவந்தார். விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் தொப்பியை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேராக ஏரிக்கு வந்துவிடுவார்.

என்னை அவர் "வாத்யாரே" என்பார். நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் கொள்முதல் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். அவ்வப்போது பத்திரிகைகளில் சிரிப்பு வரும் என்ற நம்பிக்கையில் ஏதாவது எழுதுவேன். அக்குளில் எப்போதும் ஒரு புத்தகம் இருப்பதைப் பார்த்துவிட்டு அவர் கிண்டலாக வைத்த பட்டம் அது. பட்டங்களில் ஓர் ஆபத்து உண்டு. கொடுத்தவர் அது கிண்டல் என்பதை மறக்க மாட்டார். வாங்கியவர் மறந்துவிடுவார்.

நடையில் எங்களுக்குள் ஒரு வேலைப் பிரிவினை தானாக அமைந்துவிட்டது. நான் பெயர் சொல்வேன், அவர் தின்பார். ஆனியில் நாவல், தையில் இலந்தை, பங்குனியில் கொடுக்காப்புளி. இவற்றுக்குப் பெயர் சொல்ல வாத்தியார் தேவையில்லை, வாய் இருந்தால் போதும். ஆனாலும் நான் சும்மா சொல்ல மாட்டேன். சுருங்கிப்போன உறைக்குள் மஞ்சள் முத்துப்போல இருக்கும் சொடக்குத் தக்காளியைக் காட்டி, "உறை பச்சையா இருந்தா தொடாதீங்க பாய். காய்ஞ்சு தானா விழுந்திருக்கணும். பழுக்காததுல விஷம் உண்டு" என்று விளக்குவேன். ஒருநாள் அவர் குன்றிமணியைக் கையில் எடுத்தபோது தட்டிவிட்டேன்.

"பாய், ஒண்ணை மென்னா போதும், ஆள் காலி."

"எனக்குத் தெரியாதா வாத்யாரே? எங்க தெருவுல நகை செய்றவரு இத்த வெச்சித்தான் எட போடுவாரு. அழகா கீதேன்னு எடுத்தேன். உன்னாண்ட ஒரு பொருள கையில எடுக்க முடியாதுபா."

அவரிடமும் ஒரு விதி இருந்தது. "குருவி துன்னா நாம துன்லாம்." இதை நான் கடுமையாக எதிர்த்தேன். பறவை கொட்டையை மெல்லாமல் விழுங்கி அப்படியே வெளியே போட்டுவிடும், அதன் வயிறு வேறு, நம் வயிறு வேறு, மைனா தின்கிறதே என்று நாம் தின்றால் மைனா பிழைத்துக்கொள்ளும், நாம் பிழைக்க மாட்டோம் என்று ஏரியின் ஒரு கரை முழுக்கப் பேசியிருக்கிறேன். இலையைப் பார், பூவைப் பார், காயைப் பார், பழத்தைப் பார், நான்கும் ஒத்துவந்தால்தான் வாய்க்குப் போகலாம். ஒன்று இடித்தாலும் கையை எடுத்துவிடு என்பது நான் புத்தகங்களிலிருந்து சேர்த்த விதி. நல்ல விதிதான். இப்போதும் அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

போன கார்த்திகையில் பாய்க்குக் கோவைப்பழப் பைத்தியம் பிடித்தது. கடைக்கு வந்த யாரோ, கோவை சர்க்கரையை இறக்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். என்னிடம் கேட்டார். நானும் வீட்டில் உள்ள மூலிகைப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, ஆமாம், அப்படித்தான் சொல்லியிருக்கிறது என்றேன். கோவைக்காய் காய்கறிக் கடையிலேயே கிடைக்கும். ஆனால் கடையில் வாங்கினால் அது பொரியல். வேலியில் பறித்தால் மருந்து. ஆகவே ஏரியைச் சுற்றியுள்ள வேலிகளை எல்லாம் துழாவிக்கொண்டு திரிந்தோம். எதையாவது தேடிக்கொண்டு போகிறவனுக்கு அது கிடைக்காமல் போகாது. அது அதுவாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

ஏரியின் மேற்குப் பக்கம், நடைபாதையை விட்டுக் கொஞ்சம் தள்ளி, யாரோ வாங்கிப்போட்டு மறந்துவிட்ட ஒரு மனை இருக்கிறது. நான்கு பக்கமும் சுவர், உள்ளே சீமைக்கருவேலம். மழைக்குப் பிறகு அந்தச் சுவர் முழுக்க ஒரு கொடி ஏறியிருந்தது. அதில் கோலிக்குண்டு அளவில் உருண்டை உருண்டையாகச் சிவப்புப் பழங்கள். ஒவ்வொன்றின் மேலும் சுண்ணாம்பைத் தொட்டு இழுத்ததுபோல வெள்ளைக் கீற்றுகள். பார்க்க அவ்வளவு அழகு.

"வாத்யாரே, மாட்டிகிச்சி பாரு" என்றார் பாய். "கோவப்பழம்தானே?"

நான் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு கிட்டே போனேன்.

கோவையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காயாக இருக்கும்போது பச்சையில் வெள்ளைக் கோடு ஓடும். பழுத்தால் கோடெல்லாம் போய் முழுச் சிவப்பாகிவிடும். காயும் பழமும் நீளவாக்கில்தான் இருக்கும், உருண்டையாக இருக்காது. இலைக்கு ஐந்து மூலை உண்டு, ஆனால் ஒரே இலையாக இருக்கும். இந்தச் சுவரில் இருந்த இலையோ, விரித்த கைபோல ஐந்து விரலாகக் கிழிந்திருந்தது. பழுத்த பிறகும் கோடு போகவில்லை. உருண்டை. என் விதியின் நான்கில் ஒன்றல்ல, பார்த்த எல்லாமே இடித்தது.

பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் என் மூளை, கட்சிக்காரருக்காக வாதாடும் வக்கீல்போல வேலை செய்ய ஆரம்பித்தது. கோவையிலும் கோடு உண்டு, இதிலும் கோடு. அதிலும் ஐந்து, இதிலும் ஐந்து. அதுவும் பற்றுக்கம்பி விட்டு ஏறும் கொடி, இதுவும் அப்படியே. மிச்சத்துக்கு "ரகம்" என்ற சொல் கைகொடுத்தது. படித்தவனுக்கு ஒன்று ஒத்துவராதபோது அது வேறு ரகமாகிவிடும். போனில் செடியைப் படம் பிடித்தால் பெயர் சொல்லும் செயலி ஒன்று வைத்திருக்கிறேன். அதிலும் பார்த்தேன். மூன்று பெயர் காட்டியது. முதலில் வந்தது நான் கேள்விப்படாத ஒரு லத்தீன் பெயர். இரண்டாவது கோவை. கூட்டத்தில் தெரிந்த முகத்தைப் பார்த்தால் அங்கேதானே போவோம். விரலால் முதல் பெயரை மேலே தள்ளிவிட்டேன்.

"கோவைதான் பாய். காட்டு ரகம்."

"துன்லாமா?"

"தாராளமா."

அவர் ஒன்றைப் பறித்துச் சட்டையில் துடைத்து வாயில் போட்டார். முகம் சுருங்கியது.

"கசக்குது வாத்யாரே."

பழுத்த கோவை இனிக்கும். கிளிகள் அதற்காகச் சண்டை போடும். இது எனக்குத் தெரியும். கசப்பு என்பது, நாக்கு நம்மை நிறுத்துவதற்காக வைத்திருக்கும் கைகாட்டி என்பதும் தெரியும். ஆனால் நாங்கள் சர்க்கரைக்காரர்கள். பாகற்காய்ச் சாறும் வெந்தயத் தண்ணீரும் வேப்பங்கொழுந்துமாக எங்கள் காலைகள் கழிகின்றன. உலகத்தில் மற்ற எல்லாருக்கும் கசப்பு எச்சரிக்கை. எங்களுக்கு மட்டும் அது சிபாரிசு. நான் வாய் திறந்து சொன்னது இது:

"கசந்தா நல்லதுதான் பாய். சுகருக்குக் கசப்புதானே."

"அதுவும் கரீட்டுதான்" என்று அவர் இன்னும் சிலவற்றைப் பறித்து, கொட்டையோடு மென்று, கண்ணை மூடி விழுங்கினார். பிறகு ஒரு பிடி பறித்து என் கையில் வைத்தார். "இந்தா, உனுக்கு."

அந்தப் பழங்கள் என் உள்ளங்கையில் இருந்தன. வாய்க்குக் கொண்டுபோகவில்லை. "வீட்டுக்குப் போய்க் கழுவிட்டுச் சாப்பிடறேன்" என்று சொல்லி டிராக் பேண்ட் பையில் போட்டுக்கொண்டேன். அதற்கு முந்தைய தை மாதம் முள்ளுக்குள் கிடந்த இலந்தையை மண்ணோடு எடுத்து ஊதித் தின்றவன் நான். கழுவுவது பற்றிய அக்கறை அன்றைக்குத்தான் பிறந்தது.

எனக்குத் தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அதை வெளியே சொல்வதற்கு வாத்யாருக்கு வாய் வரவில்லை. ஆனால் என் கைக்குத் தெரிந்திருந்தது, அது பழத்தைப் பைக்குள் போட்டது. மிச்சத் தூரம் நடக்கும்போது அவர் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆவடியில் குவார்ட்டர்ஸ் ஒன்றுக்கு மொத்தமாகத் திரைச்சீலை தைக்கும் வேலை வந்திருப்பதையும், எல்லாரும் ஒரே பச்சை நிறத்தைக் கேட்பதையும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் இருக்கிறார் என்று நினைத்தேன். நன்றாக இருந்தால் வீட்டுக்குப் போய் என் பங்கைச் சாப்பிடலாம். ராஜாக்கள் சாப்பிடுவதற்கு முன்னால் ருசி பார்க்க ஆள் வைத்திருப்பார்கள் என்று படித்திருக்கிறேன். அந்த ஆள்களைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று அப்போதெல்லாம் யோசித்ததில்லை.

வீட்டில் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு, குளிக்கப் போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தபோது பாயின் வீட்டிலிருந்து போன் வந்தது. அவருடைய மனைவி. நடந்து வந்து சர்க்கரை மாத்திரையைப் போட்டிருக்கிறார், இட்லி தட்டில் வைப்பதற்குள் வாந்தி. அப்புறம் வயிற்றுப்போக்கு, நிற்கவே இல்லை. குளியலறையிலிருந்து வெளியே வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டே சரிந்துவிட்டாராம். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவதாகச் சொன்னார். ஆவடி போகும் சாலையில் உள்ள சின்ன ஆஸ்பத்திரி அது. போட்டிருந்த உடையோடு ஸ்கூட்டரை எடுத்தேன். என் மனைவி பால்கனியிலிருந்து "என்னங்க ஆச்சு" என்று கேட்டது காதில் விழுந்தும், விழாததுபோலப் போனேன்.

அவரைப் படுக்க வைத்திருந்தார்கள். வியர்த்து, உடம்பு சில்லிட்டு, கண் பாதி மூடியிருந்தது. கூப்பிட்டால் "ம்" என்றார். அந்த "ம்" எனக்கா, வேறு யாருக்காவதா என்று தெரியவில்லை. ஏற்கெனவே ஒரு கையில் மருந்துத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் சின்ன வயசுப் பெண், இரவுப் பணி முடியும் நேரம் போலிருக்கிறது, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பாயின் மனைவி சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவரிடம் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைக் காட்டினார்.

"தோ, அண்ணாவே வந்துட்டாரு. இவரு கூடத்தான் டெய்லி போவாரு. கோவப்பழம் துன்னேன்னு ஊட்டுக்கு வந்து சொன்னாரு, டாக்டர். அண்ணாக்கும் ஒரு பிடி பறிச்சிக் குடுத்தாராம். அண்ணாக்கு ஒண்ணுமே ஆவல பாருங்க. அப்ப பழமா இருக்காதுல்ல?"

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு வாந்தி, வயிறு வலி, எதுவும் இல்லையா சார்?"

"இல்லைங்க."

"கோவைப்பழம் இந்த அளவுக்குப் பண்ணாது. ரெண்டு பேரும் ஒரே பழத்தைச் சாப்பிட்டு ஒருத்தர் நல்லா இருக்கீங்கன்னா, பழத்தை விட்டுட வேண்டியதுதான்." பாயின் மனைவி பக்கம் திரும்பினார். "அம்மா, சுகர் உள்ளவங்களுக்கு ஹார்ட் அட்டாக்கே சில சமயம் இப்படி வாந்தியா, வேர்வையா வரும். ஈசிஜி எடுத்திருக்கேன், தெளிவா சொல்ல முடியல. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். கூட்டிட்டுப் போறதுக்கு ஆம்புலன்ஸ் சொல்லட்டுமா?"

அந்த அம்மாவின் முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் போய்விட்டது.

இந்த இடத்தில்தான் நான் பேசியிருக்க வேண்டும். உடனே பேசவில்லை. பை என் தொடையில் உரசிக்கொண்டிருந்தது. கையை விட்டு எடுத்துக் காட்டினால், பழம் என்னவென்று தெரியும். நான் தின்னவில்லை என்பதும் தெரியும். பாய் சாவதற்கும் பிழைப்பதற்கும் நடுவில் கிடக்கும்போது, நான் அந்த அம்மா முன்னால் என் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். நர்ஸ் வந்து பாட்டிலைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். டாக்டர் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். வேறு ஏதாவது வழியில் இது தானாகச் சரியாகிவிடாதா என்று அவ்வளவு நேரமும் எதிர்பார்த்தேன். யாராவது இதை வாசிக்கும்போது, இவன் எவ்வளவு நேரம் நின்றான் என்று கேட்டால், வெட்கப்படும் அளவுக்கு நின்றேன் என்பதுதான் பதில்.

"டாக்டர், நான் சாப்பிடலைங்க."

பேனா நின்றது.

"அவர் மட்டும்தான் சாப்பிட்டார். கொட்டையோட மென்னார். என் பங்கு இதோ இருக்கு."

பையில் இருந்ததை மேசைமேல் வைத்தேன். சில நசுங்கி, சிவப்புச் சாறு என் விரல்களில் ஒட்டியிருந்தது. டாக்டரின் கண்கள் விழித்துக்கொண்டன. ஒன்றைக் குத்திப் பிளந்து பார்த்தார், படம் எடுத்து யாருக்கோ அனுப்பினார், போனில் பேசிக்கொண்டே நர்ஸிடம் கை ஜாடையால் எதையோ கொண்டுவரச் சொன்னார். இலை எப்படி இருந்தது என்று கேட்டார். "அஞ்சு விரலாப் பிரிஞ்சிருந்தது" என்று தெளிவாகச் சொன்னேன். அவ்வளவு நன்றாகப் பார்த்திருக்கிறேன்.

பேசி முடித்துவிட்டு வந்து சொன்னார். "இது கோவை இல்லை சார். அதே மாதிரி இருக்கிற வேற கொடி. வயித்தைப் பிச்சு எடுத்துடும். அதோட மாத்திரை வேற போட்டிருக்கார், சாப்பாடு உள்ள நிக்கல, சுகர் ரொம்ப இறங்கியிருக்கு. பழம்தான் காரணம்னு தெரிஞ்சா இங்கேயே பாத்துக்கலாம். முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"ஆமாங்க" என்றேன்.

பாயின் மனைவி மேசைமேல் இருந்த பழங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டியிருக்கலாம். அவர் கேட்டதில் கோபம்கூட இல்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

"நீங்க ஏன் துன்னல அண்ணா?"

தண்ணீர் வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனேன்.

சாயங்காலத்துக்குள் பாய் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மறுநாள் வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரியே என் அலமாரியில் செடிகளின் படம் போட்ட புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஐவிரலி என்று பெயர். கோவையின் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்திலேயே இருந்தது. ஐந்து விரலாகப் பிரிந்த இலை, உருண்டைப் பழம், பழுத்த பின்னும் போகாத வெள்ளைக் கீற்று, உண்ணத் தகாதது. ஒரு பக்கம் திருப்பக்கூட வேண்டாம். கண்ணைக் கொஞ்சம் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு நகர்த்தியிருந்தால் போதும்.

அவர் வீட்டுக்குப் பார்க்கப் போனபோது மெலிந்துபோய், ஆனால் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். முகம் கொடுக்காமல் உள்ளே போய்விட்டார். பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவ ஒண்ணும் நெனச்சிக்கல வாத்யாரே. நான் சொல்லிட்டேன். நீ உன் ஊட்டம்மாக்கு எடுத்துகினு போனே, அதான் துன்னலன்னு. அப்டித்தானே?"

வழி திறந்துவிட்டார். நான் தலையாட்டினால் போதும், உள்ளே நுழைந்துவிடலாம். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்பதுபோலவும் எடுத்துக்கொள்ளலாம், காபி சூடாக இருக்கிறது என்பதுபோலவும் எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப எனக்குத்தான் எடுத்துட்டு வந்தீங்களா?"

"அவர் அப்படி நினைச்சுக்கிட்டார்."

"அவர் பொழைச்சா எனக்குக் குடுப்பீங்க, நான் பொழைச்சா நீங்க சாப்பிடுவீங்க. நல்ல ஏற்பாடுதான்." ஒரு தலையணை உறையை உதறினாள். "அந்த மனுஷன் உங்களைக் காப்பாத்தப் பொய் சொல்லிட்டு உக்காந்திருக்கார். நீங்க அதையும் வாங்கி வச்சுக்கிட்டு வந்திருக்கீங்க."

பாய் மறுபடி நடக்க வந்த முதல் நாள், பழைய வேகம் இல்லை. நாவல் மரங்களுக்குக் கீழே உள்ள பெஞ்சில் உட்கார்ந்தோம். சொல்லிவிட்டேன். எனக்கு அது கோவைதானா என்று சந்தேகம் இருந்தது, கசக்கிறது என்று நீங்கள் சொன்னபோது நன்றாகவே தெரிந்துவிட்டது, நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை, உங்களுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டுச் சாப்பிடலாம் என்றுதான் பையில் போட்டேன். என் மனைவிக்காக இல்லை. ஆஸ்பத்திரியிலும் உடனே சொல்லவில்லை.

அவர் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியலன்னு சொல்லிருந்தா ரெண்டு பேரும் துப்பிட்டு டீ குட்சிருப்போம்" என்றார். எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, நாங்கள் வழக்கமாகப் போகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக நடந்துபோனார்.

அதன் பிறகு அவர் அந்தப் பக்கமாகவும் நான் இந்தப் பக்கமாகவும் சுற்ற ஆரம்பித்தோம். ஏரியை எதிரெதிராகச் சுற்றுகிறவர்களுக்கு ஒரு தண்டனை உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை நேருக்கு நேர் பார்த்தாக வேண்டும். பக்கத்தில் நடக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே இல்லை. கோபித்துக்கொண்ட பிறகுதான் அவருக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு இருப்பதைக் கவனித்தேன். முதல் சில நாள் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு போனார். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு போனேன். ஏரியில் நீந்தும் நாமக்கோழிகளைப் பற்றி அந்த நாட்களில் நிறையத் தெரிந்துகொண்டேன்.

மார்கழி நடுவில் ஒருநாள், என்னைக் கடக்கும்போது நிற்காமலே கேட்டார்.

"நான் தான் ஒரு கத கட்டி வெச்சிருந்தேன்ல. அப்பறம் இன்னாத்துக்கு வந்து சொன்னே?"

பதில் சொல்வதற்குள் போய்விட்டார். அரைச் சுற்று முழுக்க எனக்கு யோசிக்க அவகாசம் கிடைத்தது. உரைநடையில் நான்கைந்து வாக்கியம் தயார் செய்தேன். எதிரே அவர் வந்தபோது எல்லாம் போய்விட்டது.

"உங்க வீட்டம்மா கேட்டதுக்கு நான் பதில் சொல்லலை பாய். யாருக்காவது சொல்லணும்ல."

அவர் போய்விட்டார். அடுத்த தடவை கடக்கும்போது:

"அவளாண்ட சொன்னேன். அவ இன்னா சொன்னா தெரியுமா? 'அதான் எனக்கு அன்னிக்கே தெரியுமே, நீங்கதான் லூசு'ன்னா."

எனக்கு அரைச் சுற்று. "அவங்களை நான் வந்து பார்க்கட்டுமா?"

அவருக்கு அரைச் சுற்று. "வராத. காபி போட மாட்டா."

இன்னும் அரைச் சுற்று போனது. இந்தத் தடவை அவர் நின்றார். மூச்சு வாங்கியது. "செத்துகித்து போயிருந்தா இன்னா பண்ணிருப்பே?"

"தெரியல பாய்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இப்ப மட்டும் நல்லா வருது" என்றார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வெளிவாசலைப் பார்த்து நடந்தார்.

மறுநாள் விடியற்காலை ஏரியின் வாசலில் நின்றேன். பள்ளிவாசலில் தொழுகை முடிந்திருக்க வேண்டிய நேரம். அவர் வந்து எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் நின்றேன். பழைய பக்கம் திரும்பினால் கூடவே போகலாம், எதிர்ப்பக்கம் போனால் ஒன்றும் நடக்காததுபோல நான் என் வழியில் போய்விடலாம். பாதுகாப்பான ஏற்பாடு. யாருடைய மனைவியும் சொல்லாமலே அதன் அசிங்கம் எனக்கே தெரிந்தது. அவர் வருவதற்கு முன்னால் கிளம்பிவிட்டேன். அவர் இதுவரை சுற்றிக்கொண்டிருந்த பக்கமாகவே திரும்பி நடந்தேன். அவர் பக்கத்தை மாற்றிக்கொண்டால் எதிரே வருவார், முகத்தைப் பார்த்தாக வேண்டும். மாற்றாவிட்டால் பின்னால் வருவார். என்னைப் பிடிப்பதும் பிடிக்காததும் அவர் இஷ்டம்.

மேற்குக் கரை வரை எதிரே யாரும் வரவில்லை. பனி இறங்கிக்கொண்டிருந்தது. சுவர்மேல் இருந்த கொடியை யாரோ வெட்டிப் போட்டிருந்தார்கள். திரும்பிப் பார்க்காமல், வழக்கத்தைவிட மெதுவாக நடந்தேன்.

பின்னால், கொஞ்சம் தூரத்தில், செருப்புச் சத்தம் கேட்டது. அது கிட்டே வரவும் இல்லை, விலகவும் இல்லை. அவர் செருப்புதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.